வாரிசு யார்?

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். 2008இல் அந்த நாளில்தான் திருநங்கைகளுக்கான நல வாரியம் அமைந்தது. 2014இல் அதே தேதியில் வந்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உரியது என்றது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, கட்டணமில்லாப் பேருந்து என ஒவ்வொன்றும் திருநங்கைகள் மனுவோடு அலைந்து பெற்றவை. ஆனால் இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி மட்டும் பலருக்கு இன்னும் தீரவில்லை.

வாடகை வீடு தேடும் திருநங்கை முதலில் கேட்பது, "வீடு ஏற்கெனவே பேசி முடிஞ்சிடுச்சு" என்ற பதிலைத்தான். கிடைத்தாலும் மற்றவர்களைவிடக் கூடுதல் அட்வான்ஸ், கூடுதல் வாடகை. கடை கடையாகக் கேட்டு வரும் காசில் அதைக் கட்ட வேண்டும். வேலைக்குப் போகலாம்தான், வேலைக்கு முகவரி கேட்பார்கள். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டம், வாடகைக்கு வீடு மறுப்பதை 3ஆம் பிரிவில் தடை செய்தது. தண்டனைகளைச் சொல்லும் 18ஆம் பிரிவிலோ அந்த மறுப்பு இடம்பெறவில்லை. குடியிருக்கும் இடத்திலிருந்து விரட்டினால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. வீடே தராதவருக்கு என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

இதற்கு மாற்று உண்டு என்று காட்டியது கோவில்பட்டி அருகேயுள்ள மந்தித்தோப்பு. அங்கே திருநங்கைகளுக்கு வீடுகள் கிடைத்தன. 2020இல் அவர்களுக்கென்றே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. கிரேஸ் பானு போன்ற செயற்பாட்டாளர்களின் விடாத முயற்சி அதன் பின்னால் இருந்தது. வீடும் மாடும் சேர்ந்தே வந்ததுதான் அதில் முக்கியம் என்று நினைக்கிறேன். மாடு வைத்திருப்பவர் அடிக்கடி வீடு மாற முடியாது. பட்டா இல்லாத இடத்தில் தொழிற்கடன் மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இவ்வளவும் கைகூடிய பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையை ஒரு மூத்த திருநங்கை மகளாகத் தத்தெடுக்கிறார். சோறு போடுகிறார், அறுவை சிகிச்சையின்போது கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். திருநங்கைகளின் சமூக அமைப்பான ஜமாத்தில் அவர் தாய், இவர் மகள். தாயின் தாய் நானி. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ இரத்தம், திருமணம், முறைப்படியான தத்து ஆகிய மூன்று வழிகளில் வந்தவர்களை மட்டுமே குடும்பம் என்றது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. அழுத பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்ட வீட்டுக்கு அதில் இடமே இல்லை.

இந்த விடுபடல் முதுமையில் கொடுமையாகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு வீடு வாங்கிய தாய் உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது போவது பெற்ற குடும்பத்துக்கு. முப்பது வருடம் முகம் பார்க்காத அண்ணன் வந்து சாவி கேட்கலாம். கடைசிவரை மருந்து கொடுத்த மகள் அங்கே வெறும் குடியிருப்பவர். அவரை வெளியேறச் சொல்லச் சட்டம் அண்ணன் பக்கம் நிற்கும். வீட்டைவிட்டுத் துரத்தப்படுவது இப்படி ஒரே வாழ்க்கையில் இரண்டாம் முறையும் நடக்கிறது.

இதைத் தடுக்க வழி இருக்கிறது: சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் பின்னால் வழக்கு வந்தால் உதவும். வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் மகளை நாமினியாகப் போட்டு வைப்பதும் அவசியம். பலருக்கு இது தெரிவதில்லை; தெரிந்தவர்களுக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஏளனப் பார்வையை எதிர்கொள்ளத் தயக்கம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இதைச் செய்து தர முடியும். நல வாரிய அட்டை வழங்கும் முகாமிலேயே உயில் எழுதித் தரும் வழக்கறிஞர் ஒருவரும் உட்கார வேண்டும். வளர்த்த தாயையும் மகளையும் குடும்பமாக ஏற்கும் திருத்தத்துக்காகப் போராட்டம் தொடரட்டும். அதுவரை இருக்கும் வீடுகளாவது அந்த மகள்களின் கையில் நிற்க வேண்டும்.