கணக்கறிவும் கண்ணறிவும்

பொருளை அறிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகள் உளவென்பது நம்மனோர்க்குப் புதிதன்று. காரணங் கூறவியலாது நெஞ்சில் எழும் உள்ளுணர்வு இவற்றுள் எதன்பாற்படும், அதனையும் அறிவெனக் கொள்ளலாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. எடுத்துக்காட்டாகக் கொள்வது குதிரைப்பந்தயம். சூதுக்கு மெய்ந்நூலாராய்ச்சியில் இடமென்னை என்று சினவற்க. சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு இந்திய உச்சநீதிமன்றம், அதன்கண் மேம்பட்டு நிற்பது திறனே எனத் தீர்ப்பளித்தது. திறனாயின் ஆண்டு அறிவுண்டு. அறிவுண்டாயின் அளவையாராய்ச்சியும் உண்டு.

ஹாங்காங் நகரில் 1980-களின் இடைப்பகுதியில் பில் பென்டர் என்னும் அமெரிக்கர், ஆலன் வுட்ஸ் என்பாருடன் கூடி, கணிப்பொறியாற் குதிரைகளின் வெற்றிவாய்ப்பை அளக்கத் தலைப்பட்டார். முன்னை ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஓட்டுவோன் திறம், பந்தயத் தொலைவு முதலியவற்றை எண்களாக்கி, ஒவ்வொன்றன் வலிமையையும் பழைய முடிவுகளினின்று வருவித்தார். இது தூய கருதலளவை. ஆயினும் 1994-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒரு வியத்தகு செய்தியைக் கூறுகின்றது. பொதுமக்கள் மதிப்பினும் மிகுந்த வாய்ப்பைத் தம் கணக்கு ஒரு குதிரைக்குக் காட்டியவிடத்து, உண்மை இரண்டிற்கும் இடையே நின்றதாம். எங்கே ஆதாயம் பெரிதெனக் கணக்கு உரைத்ததோ, அங்கேயே அது மிகைபடக் கூறிற்று!

பொதுமக்கள் மதிப்பாவது யாது? அங்கே கட்டிய பணமனைத்தும் ஒரு தொகையாகி, நூற்றுக்கு 17 பங்கிற்குமேல் கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்றோர்க்குப் பகிரப்படும். ஆதலிற் பந்தய விகிதமென்பது பல்லாயிரவர் துணிபின் நிறையேயாம். குதிரையின் வியர்வையையும் நடையையும் நேரிற் கண்டோரும், லாயத்துச் செய்தி அறிந்தோரும் அதனுட் கலந்துளர். இவை எண்ணில் ஏறாதவை. இதனையுணர்ந்த பென்டர், அவ்விகிதத்தையும் தம் கணக்கோடு ஒரு கூறாகச் சேர்த்தார், பெருஞ்செல்வமும் ஈட்டினார்.

அற்றேல் ஒவ்வொருவர் உள்ளுணர்வும் அளவையாகுமன்றோ எனின், ஆகாது. என்னை? தனியொருவன் உணர்வில் வேட்கை கலந்துளது. வெல்லுதற்கரிய குதிரைமேல் மிகைப்படப் பணங்கட்டும் இயல்பினை அமெரிக்கப் பந்தயங்களில் 1949-லேயே ஆராய்ந்து கண்டனர். பலர் கூடியவழி, ஒருவன் மயக்கம் மற்றொருவன் மயக்கத்தாற் பெரும்பாலும் கழிந்துபோக, கண்டது மட்டும் எஞ்சுகின்றது. கணக்கும் உள்ளுணர்வின் நீங்கியதன்று. எதனை எண்ணுவது, எதனை விடுவது என்று முதற்கண் துணிந்தவன் மனிதனே.

இனி, இதனினும் அரியதொரு வினா உளது. பென்டர் வென்ற பணம் யாருடையது? தமக்கு அறிவு தந்த அப்பொதுமக்களுடையதே. ஆசிரியர்க்குக் காணிக்கை தருதல் உலக வழக்கு. ஈண்டோ ஆசிரியரிடமே காணிக்கை கொள்ளப்பட்டது. அவரும் பிறர்பொருளை விழைந்தே வந்தனர், எவரும் வலிந்து அழைத்திலர் என்பது மெய்யே. எனினும் தமது பார்வையே தம்மை வெல்லுங் கருவியாயிற்றென்று அறியாதார்மாட்டு இவ்விடை முற்றும் செல்லாது.

இப்பொழுது அந்நகரப் பந்தயங்களிற் கணிப்பொறிக் குழுவினர் கட்டும் பணம் பெருந்தொகையாகி விட்டது. கண்ணாற் கண்டோர் துணிபென்று கொள்ளப்பட்ட விகிதத்துட் கணக்கின் குரலே மிகுதியாக ஒலிக்கின்றது. அதனை மீண்டும் ஒரு கணக்கு சான்றாக எடுத்துக்கொள்ளுங்கால், குதிரையைக் கண்டவன் எவன் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.