என் பெயர் சத்தியகாமன்



போன மாதம் நம் இளைஞர் முகாமுக்குப் பதிவு பாரம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. பழைய பாரத்தை எடுத்துத் தேதியை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் மூன்றாவது வரியில் என் கை நின்றுவிட்டது. 'தந்தையின் பெயர்' என்று இருந்தது. அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கூட்டங்களில் பேசினோம். ஒரு வரிக்கு இவ்வளவு பேச்சா என்று சில நண்பர்களுக்கு எரிச்சல். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதைச் சொல்ல நான் என் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயரில் இன்னொருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தமிழ்ப்பள்ளியில் இல்லை, இடைநிலைப்பள்ளியில் இல்லை, இப்போது படிக்கும் பல்கலைக்கழகத்திலும் இல்லை. என் வயதுப் பையன்களில் தினேஷ், ஹரிஷ், கவின், தர்ஷன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். சத்தியகாமன் என்றால் நான் மட்டும்தான். வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்கள் பாதியில் மூச்சுவிட்டு 'சத்யா' என்று முடித்துக்கொள்வார்கள். படிவம் ஒன்றில் பையன்கள் பெயரின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'காமன்' என்று கத்துவதும் சிரிப்பதும்தான். அந்த வயதில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உண்மையில் அந்தப் பின்பாதியில் கேவலம் எதுவும் இல்லை. வடமொழியில் 'காம' என்றால் விருப்பம், ஆசை. சத்தியத்தை விரும்புகிறவன் சத்தியகாமன். இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் பகுதியில் ஆத்மாவைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு 'யாருடைய விருப்பங்கள் மெய்யானவையோ அவன்' என்று பொருள். ஒன்று உண்மை மேல் ஆசைப்படுவது, மற்றது ஆசையே உண்மையாக இருப்பது. முதலாவது முயற்சி, இரண்டாவது சித்தி. நான் எந்தப் பொருளுக்கும் இன்னும் தகுதி பெறவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் வந்த கதை அதே உபநிடதத்தின் நான்காம் பகுதியில் இருக்கிறது. ஜபாலா என்ற தாய்க்கு ஒரு மகன், பெயர் சத்தியகாமன். குருவிடம் போய்ப் படிக்க ஆசைப்பட்டு, என் கோத்திரம் என்ன என்று அம்மாவிடம் கேட்கிறான். எனக்குத் தெரியாதப்பா என்கிறாள் அவள். இளவயதில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்தபோது நீ பிறந்தாய், உன் கோத்திரம் நான் அறியேன். என் பெயர் ஜபாலா, உன் பெயர் சத்தியகாமன், ஆகவே சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள். ஹாரித்ருமத கௌதமர் என்ற குரு கேட்டபோது, பையன் அம்மா சொன்னதை ஒரு சொல் மறைக்காமல் அப்படியே சொல்கிறான். நீ சத்தியத்திலிருந்து விலகவில்லை என்று சொல்லிக் கௌதமர் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். இளைத்த 400 பசுக்களைக் கொடுத்து மேய்க்க அனுப்புகிறார். ஆயிரம் ஆகாமல் திரும்ப மாட்டேன் என்று இவன் போகிறான். காளை, நெருப்பு, அன்னம், ஒரு நீர்ப்பறவை ஆகியவை வழியில் அவனுக்கு உபதேசம் செய்கின்றன.

இந்தக் கதையை நான் முதலில் முழுதாகப் படித்தது படிவம் மூன்றில். படித்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை, கோபம். நேரே சமையலறைக்குப் போய், "ஏம்மா, அப்பன் பேரு தெரியாத பையன் பேரையா எனக்கு வச்சீங்க? தெரிஞ்சவங்க என்ன நினைப்பாங்க?" என்று கத்தினேன். எனக்கு அப்பா இருக்கிறார், அன்றைக்கு முன்கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். என் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் பெயர் ஒழுங்காக இருக்கிறது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். "எனக்குத்தான் அந்தக் கட்டம் காலி. பொறப்புப் பத்திரத்துல அப்பா பேரு இல்ல. உனக்குத் தெரியாதுல்ல?" என்றார்.

அதுவரை எனக்குத் தெரியாது. தாத்தா சின்ன வயதிலேயே செத்துப்போனார் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. நம் நாட்டில் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. அதிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் சாமி பார்க்கக் கட்டிய தாலிக்கு மேல் என்ன பத்திரம் என்று நினைத்த தோட்டத்துச் சனங்களுக்கு இது லேசில் போய்ச் சேரவில்லை. அம்மா பிறந்தது 1983. பிள்ளை பிறக்கும் முன்பே தாத்தா தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, திருமணம் செல்லாத நிலையில் பிறந்த பிள்ளைக்கு, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் தந்தை பெயரை எழுதுவார்கள். சேர்ந்து கேட்க ஆள் இல்லை.

அம்மா நான்காம் ஆண்டு படிக்கும்போது, வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் ஓர் ஆசிரியர் "உன் அப்பா பேரு என்ன? என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். அம்மா ஒரு பெயரைச் சொன்னார். பஸ் ஓட்டுகிறார் என்றும் சொன்னார். இரண்டும் பொய். அதன்பிறகு ஒரு ஞாயிறு சமய வகுப்பில் ஜபாலாவின் கதையைக் கேட்டார். ஆண்பிள்ளை பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று பத்து வயதில் முடிவு செய்துவிட்டாராம்.

நண்பர்களே, என் கேள்வி இதுதான். பத்து வயது அம்மா சொன்னது குற்றமா?

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. வள்ளுவரே துணைக்கு வருகிறார். யாருக்கும் தீமை இல்லாத சொல்தான் வாய்மை, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். ஒரு சின்னப் பெண் வகுப்பில் தலைகுனியாமல் இருக்கச் சொன்ன பொய் யாருக்கு என்ன தீமை செய்தது? இதை நான் அம்மாவிடமே சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தேர்ச்சி அறிக்கை எடுக்க அப்பா அம்மாவ வரச் சொன்னாங்க. நான் பாட்டிய வர வேணாம்னு சொல்லிட்டேன். வந்தா உண்மை வெளிய வந்துரும்ல? வெள்ளனவே வேலைய முடிச்சிட்டு, நல்ல சேலை கட்டிட்டு நின்னாங்க. நான் வேணாம்னு சொன்னதும் ஏன்னு கேக்காம உள்ள போயிட்டாங்க."

இல்லாத ஓர் அப்பாவை உண்டாக்கியதும், இருந்த அம்மாவை மறைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பொய்யின் கணக்கில் தீமை இருந்தது, அது பாட்டியின் தலையில் விழுந்தது. இதைக் கேட்ட பிறகுதான் கதையை நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று புரிந்தது. சத்தியகாமன் சொன்ன உண்மை 'எனக்கு அப்பா பெயர் தெரியாது' என்பது மட்டும் இல்லை. 'நான் ஜபாலாவின் மகன்' என்பதும்தான். முதல் பாதியைச் சொல்லக் கூச்சப்படாததால்தான் இரண்டாம் பாதியை அவனால் சொல்ல முடிந்தது. குருவின் முன்னால் அவன் அம்மாவை ஒளித்துவைக்கவில்லை. சங்கரர் தம் உரையில், ஜபாலா கணவன் வீட்டில் விருந்தினருக்குப் பணிவிடை செய்வதிலேயே இருந்ததால் கோத்திரம் கேட்க நேரமில்லை, பிறகு கணவர் இறந்துவிட்டார் என்று விளக்கம் தருகிறார். அப்படியே இருக்கலாம். ஆனால் மூலத்தில் ஜபாலா எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அவள் சொன்னது அத்தனையும் தெரியாது என்பதுதான்.

அப்படியானால் முழுப் பழியும் அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கா? இங்கே எனக்கு என் படிப்பு உதவியது. இரண்டாம் ஆண்டில் எஃகுக் கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனை செய்தோம். எஃகின் மீள்தன்மைக் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல் வர வேண்டும். எங்களுக்கு 140 பக்கம் வந்தது. நீட்சியை அளக்கும் கருவி கம்பியைச் சரியாகப் பிடிக்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? நாலைந்து அளவுகளைத் 'திருத்தி' 196 என்று எழுதிக் கொடுத்தோம். எழுதியவன் சத்தியகாமன், அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. 140 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பயம். தப்பான அளவுக்குத் திட்டு விழும் இடத்தில், அடுத்த தடவை சரியான அளவு வராது, கேட்கிறவருக்குப் பிடித்த அளவுதான் வரும். ஆய்வகத்திலும் அப்படித்தான், வகுப்பிலும் அப்படித்தான்.

அதற்காக என் 196 நியாயமாகிவிடாது. கௌதமர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டு சத்தியகாமன் பேசவில்லை. துரத்தியிருந்தாலும் அவன் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும். ஆக, இரண்டு கடமைகள் இருக்கின்றன. சொல்கிறவனுக்கு ஒன்று, கேட்கிறவனுக்கு ஒன்று. ஒருவர் தவறினார் என்பதற்காக மற்றவர் கடமை ரத்தாகாது. ஆனால் எனக்கு 20 வயது, ஒரு மதிப்பெண்தான் போகும். அம்மாவுக்குப் பத்து வயது, போவது மானம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

இன்னொன்றும் உபநிடதத்தில் இருக்கிறது, அதை நாம் அதிகம் சொல்வதில்லை. இதே சத்தியகாமன் பிற்காலத்தில் குருவாகிறார். உபகோசலன் என்ற மாணவன் 12 வருடம் அவர் வீட்டில் இருந்து பணி செய்கிறான். மற்றவர்களைப் படிப்பு முடித்து அனுப்பியவர் இவனுக்கு மட்டும் உபதேசம் செய்யாமல் பயணம் போய்விடுகிறார். மனைவி எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பையன் துக்கத்தில் சாப்பிடாமல் கிடக்கிறான். ஒரு காலத்தில் வாசலில் நின்றவன், கதவுக்கு உள்ளே வந்ததும் வெளியே நிற்பவனை மறக்க முடியும். சத்தியகாமனுக்கே அது நடந்தது. நல்ல பெயர் வைத்துவிட்டதால் ஒருவன் நல்லவனாகிவிட மாட்டான். பெயர் ஒரு ஞாபகப்படுத்தல், அவ்வளவுதான்.

முகாம் பாரத்துக்கு வருகிறேன். "கோயில் அர்ச்சனையில கோத்திரம் கேக்கலையா? இது நம்ம வழக்கம்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோத்திரம் தெரியாது என்றால் 'சிவகோத்திரம்' என்று சொல்லி அர்ச்சனையை நடத்துவதும் நம் வழக்கம்தான். கேள்வியும் இருக்கிறது, தெரியாதவனுக்கு ஒரு வழியும் இருக்கிறது. நம் பாரத்தில் வழி இல்லை, கட்டம் மட்டும்தான் இருந்தது. முகாமில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு வேண்டியது அவன் அப்பாவின் பெயரா, யாரைக் கூப்பிடுவது என்பதா? அந்த வரி இப்போது 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்?' என்று இருக்கிறது. இதனால் ஒரு பிள்ளை பொய் சொல்லாமல் தப்பிப்பானா, எனக்குத் தெரியாது. குறைந்தது, பாட்டி பெயரை எழுத ஓர் இடம் இருக்கும்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அம்மாவிடம் காட்டி அனுமதி கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நான் முதலில் 'லாரி ஓட்டுகிறார்' என்று எழுதியிருந்தேன். "நான் லாரின்னு சொல்லல, பஸ்னு சொன்னேன். எழுதுறத சரியா எழுது" என்றார். திருத்திவிட்டேன்.