ஓரறிவுயிரின் மேல் ஏற்றும் பாரம்

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் சாலைகளில், கரும்பு வண்டியை இழுக்கமாட்டாது நுரை தள்ளி நின்ற மாடுகளைக் கண்டு நாம் மனம் பதைத்ததுண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் அஹிம்சா அணுவிரதத்திற்குக் கூறும் 5 அதிசாரங்களுள், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், உண்டியும் நீரும் தடுத்தல் என்பன ஏனையவை. கண்ணுக்குப் புலனாகாத ஈ.கோலி என்னும் நுண்ணுயிர்க்கும் இவ்விதி எட்டுமோ?

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் இரு குழுவினர் அவ்வுயிரின் செல்லுக்குள் மரபணுச் சுற்றுகளை அமைத்துக் காட்டினர். ஒன்றில் இரு மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்கும். சுவிட்சைப் போல், வைத்த நிலையிலேயே நிற்கும். மற்றொன்றில் மூன்று மரபணுக்கள் வட்டமாய் ஒன்று அடுத்ததை அடக்க, செல் பச்சையாய் ஒளிர்ந்தும் மங்கியும் தோன்றும். ஆயினும் செல்கள் யாவும் ஒரே தாளத்தில் ஒளிரவில்லை.

மின்கம்பி அஜீவம், இட்டதைச் செய்யும். செல்லோ உண்டு, வளர்ந்து, இரண்டாய்ப் பிரிவது. புரதம் ஆக்கும் அதன் ரைபோசோம்களை நாம் புகுத்திய சுற்று பறித்துக்கொண்டால் வளர்ச்சி குன்றும். தற்செயலாய் ஒரு செல்லில் சுற்று பழுதுபடின், அது சுமை நீங்கி விரைந்து பெருகும். நாளடைவில் கலம் முழுதும் அதன் வமிசமே நிறையும். பொறியியலார் இதனை நம்பகமின்மை என்பர். நமக்கோ இது ஜீவ லட்சணமாகவே படுகிறது.

2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர், செல் பளுவால் தளர்வதை உணர்ந்து தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்ளும் சுற்றொன்றை வெளியிட்டனர். செல்களும் நன்கு வளர்ந்தன. புரத விளைச்சலும் மிகுந்தது. சுமை குறைந்தது கருணையாலன்று, விளைச்சலுக்காக. அச்சு முறியுமென்று கரும்பைக் குறைக்கும் வண்டிக்காரனும் அவ்வாறே. மாடு பெற்ற ஆறுதல் மெய். அவனுக்கு விரதப் பயன் உண்டோ? பிரமாதத்தோடு, அதாவது கருத்தின்மையோடு, சேர்த்தே ஹிம்சையை அளக்கும் நம் நூல்கள் இதற்கு எளிதில் ஆம் என்னா.

இவ்வித்தை முழுவதையும் தள்ளிவிடவும் நமக்கு வாயில்லை. முன்னர் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே கிடைத்தது. 1982இல் ஈ.கோலியைக் கொண்டு ஆக்கிய இன்சுலின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஐயறிவுயிரின் கொலையைத் தவிர்த்துப் பெறும் அம்மருந்தை நம் இல்லங்களும் ஏற்றுக்கொண்டன. இல்லறத்தாரின் விரதம் ஓரறிவுயிரைத் தீண்டாமையைக் கேட்பதன்று. தேவையின்றி வருத்தாமையைக் கேட்பது. பச்சை ஒளி காட்டும் வேடிக்கை எத்தேவைக்கு என்று வினவ நமக்கு உரிமையுண்டு.

ஆய்வகத்தினின்று தப்பினால் குறிப்பிட்ட உணவின்றி மாளும்படி செல்லை அமைக்கும் முறையும் உளது. வெளியுலக உயிர்கட்கு அது காவலே. எனினும் உண்டி தடுத்தல் என்னும் அதிசாரத்தை நினையாமல் அச்செய்தியைப் படிக்க நம்மால் இயலவில்லை.