குழந்தை உள்ளமும் தம்ம நெறியும்





வயது ஏறுவது வேறு. அறிவு முதிர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணியே நம்மவருள் பலர் முகத்தை இறுக்கிக் கொள்கின்றனர். பஞ்சசீலம் ஏற்றவர் வாய்விட்டுச் சிரிக்கலாகாது, எதையும் வியக்கலாகாது, பிள்ளைகளோடு கூடி விளையாடலாகாது என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு தம்மத்திற்கு ஒத்ததுதானா என்பதை ஆராய்வோம்.

மஜ்ஜிம நிகாயத்தில் மகாசச்சக சூத்திரம் என்பதொன்று உண்டு. அதன்கண் பகவான் தம் வரலாற்றைத் தாமே உரைக்கின்றார். ஞானம் வேண்டி அவர் மூச்சை அடக்கினார், உணவைச் சுருக்கினார், வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு அகப்படும் அளவிற்கு மெலிந்தார். ஆயினும் நாடியது கிட்டவில்லை. வேறு வழி உண்டோ என்று எண்ணியபோது அவர் உள்ளத்தில் எழுந்தது வேத வாக்கன்று, குருவின் உபதேசமன்று. தம் பிள்ளைப் பருவத்து நினைவொன்றே. தந்தையார் தம் அலுவலில் ஈடுபட்டிருந்த ஒரு நாள், தாம் நாவல் மரத்தின் குளிர்நிழலில் தனித்து அமர்ந்திருந்ததும், ஆசைக் கலப்பில்லாத இன்பமொன்று தானாக ஊறியதும் நினைவிற்கு வந்தன. ஞானத்திற்கு வழி இதுவாகுமோ எனத் தம்மையே வினவினார். ஆம் எனத் தெளிந்தார். தீமை கலவாத இன்பத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்றும் உணர்ந்தார்.

அதன்பின் அவர் உணவு கொண்டார். உடனிருந்த ஐவரோ, இவர் தவத்தைக் கைவிட்டார் என்று வெறுத்து அகன்றனர். வாடிய முகமே தவத்தின் அடையாளம் என்று கருதுவோர் அன்றும் இருந்தனர்!

ஞானத்தின் அங்கங்கள் ஏழு. முதலாவது விழிப்புணர்வு, இரண்டாவது தம்மத்தை ஆராய்தல், மூன்றாவது ஊக்கம், நான்காவது ‘பீதி’. இச்சொல்லைக் கேட்டுத் திகைக்க வேண்டா. தமிழில் பீதி என்றால் அச்சம், பாலியிலோ பேருவகை. வடமொழியார் பிரீதி என்பதும் அதுவே. பின்வரும் அமைதி, சமாதி, உபேட்சை ஆகிய மூன்றிற்கும் முன்னே உவகை நிற்பதை நோக்குங்கள். அவ்வுவகைக்கும் முன்னே நிற்பது ஆராய்ச்சி. பிள்ளை மொழியில் அதன் பெயர் ‘ஏன்?’ என்பதே.

நம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்டது இந்த ‘ஏன்’ அன்றோ? கிணற்றைத் தொடாதே, அத்தெருவில் நடவாதே, எதிர்த்துப் பேசாதே என்பவையே அவர்களுக்குக் கிடைத்த முதற்பாடங்கள். வியக்க வேண்டிய வயதில் அஞ்சக் கற்றனர். பாலியின் பீதி கிட்ட வேண்டிய நெஞ்சில் தமிழின் பீதியே குடியேறிற்று. இன்று நம் இல்லத்துப் பிள்ளை ஏன் என்று கேட்க, ‘வாயை மூடு’ என்று நாம் அதட்டுவோமாயின், அன்றைய ஆண்டையின் வேலையை நாமே செய்து முடிக்கின்றோம்.

யாம் பல்லாண்டு நூற்பாலையில் உழைத்தோம். அறுந்த இழையைச் சேர்த்துச் சேர்த்தே பொழுது கழியும். அங்கும் வெயிற்கற்றை ஒன்று உள்ளே விழுந்தால், அதில் மிதக்கும் பஞ்சுத் துகளைக் கண்டு ஒரு கணம் முகம் மலர்ந்த தோழர்கள் இருந்தனர். ஊதியமும் ஓய்வும் பிறர் கையில் இருந்தன. அம்மலர்ச்சி ஒன்றே அவர்களுக்கு உரியதாயிருந்தது. அதனை அற்பமென்று யாம் கருதவில்லை.

அப்படியாயின் மனம் போனபடி ஆடித் திரியலாமோ எனில், அன்று. சிறுவர் மண்வீடு கட்டி விளையாடுவதைப் பகவான் சம்யுத்த நிகாயத்தில் உவமை கூறுகின்றார். ஆசை உள்ளவரை அவ்வீட்டைத் தமதென்று போற்றுவர். ஆசை நீங்கியதும் தாமே கலைத்து விடுவர். குழந்தையிடம் கொள்ள வேண்டியது வியப்பு. தள்ள வேண்டியது ‘எனது’ என்னும் பிடிவாதம். நம்மில் முதியவர் பலர் வியப்பை விட்டுவிட்டுப் பிடிவாதத்தை மட்டும் காத்து வருகின்றனர்!

இராகுலரை நினையுங்கள். வைகறையில் ஒரு பிடி மணலை அள்ளித் தூவி, இத்தனை அறிவுரைகள் இன்று எனக்குக் கிட்டுக என்று அவர் விழைவார் என உரையாசிரியர்கள் கூறுவர். கற்பதில் ஆர்வமுடையோருள் தலையாயவர் என்று பகவானே அவரைச் சிறப்பித்தார். மணல் விளையாட்டும் தம்ம வேட்கையும் அங்கு ஒன்றாயின.

நம் காலத்துப் பெரியாரையும் நோக்குவோம். பாபாசாகேப் அம்பேத்கர் தம் பிற்காலத்தில் வயலின் வாசிக்கப் பயின்றார். பாலி மொழிக்கு அகராதி தொகுத்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணம் ஏற்றபோது அவருக்கு வயது 65. இனிக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்பேரறிஞர் சொல்லவில்லை. மாணவனைப் போல் கைகூப்பி நின்றார்.

ஆகலின் அன்பர்களே! பௌர்ணமி வழிபாட்டில் குழந்தைகள் ஓடியாடினால் வெகுளாதீர். வழிபாடு முடிந்தபின் நீங்களும் அவர்களோடு சற்று நேரம் ஆடுங்கள். அவர்களுடைய வினாவிற்கு விடை தெரியாதெனில், தெரியாது என்று கூறி, உடனமர்ந்து தேடுங்கள். நாள்தோறும் ஒரு பொருளையேனும், இலையாயினும் எறும்பாயினும், முதன்முறை காண்பவர் போல் நின்று நோக்குங்கள். அதனைக் கையகப்படுத்த நினையாதீர்கள். அந்நோக்கே விழிப்புணர்வின் தொடக்கம். நாவல் நிழலில் தொடங்கிய வழியும் அதுவே.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி உவகையுற்று வாழ்க!

சாது! சாது! சாது!