தெரியாது என்பதும் ஒரு பதில்

மின்பொறியியலிலோ கணினி விஞ்ஞானத்திலோ கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர், ஐந்தாறு வருட உழைப்புக்குப் பிறகு ஒருநாள் ஓர் அறைக்குள் போகிறார். உள்ளே நான்கைந்து பேராசிரியர்கள். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்; ஆய்வேட்டை முன்பே வாசித்து எழுத்தில் மதிப்பீடும் தந்திருப்பார். மாணவர் சுருக்கமாகப் பேசுவார். பிறகு கேள்விகள், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முடிந்ததும் மாணவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு முடிவெடுப்பார்கள்.

எல்லாம் எழுத்தில் இருக்கும்போது எழுதியவரை நேரில் ஏன் கேட்கவேண்டும்? இது வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர். ஆய்வின் பகுதிகள் ஏற்கெனவே மாநாடுகளுக்குப் போய், நடுவர்களிடம் அடிபட்டுத் திருந்தி வந்தவை. இனிமேல் என்ன சோதனை என்பது அவர்களுடைய வாதம்.

ஆனால் அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். "இரைச்சல் காஸியன் பரவலில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டீர்கள். அப்படி இல்லாவிட்டால் உங்கள் முறை எங்கே உடையும்?" "பயிற்சிக்குக் கொடுத்த தரவு சோதனைத் தரவுக்குள் கலந்துவிடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நல்ல பரீட்சகர் ஒவ்வொரு கேள்வியாக மாணவரை அவருடைய அறிவின் விளிம்புவரை நடத்திக்கொண்டு போவார். அங்கே ஒரு நல்ல மாணவர் சொல்வது இதுதான்: "அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் இப்படித் தொடங்குவேன்." அந்தப் பதிலால் அவர் மதிப்பு உயர்கிறது. அதே இடத்தில் எதையாவது சோடித்துச் சொல்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். தன் அறிவு எங்கே முடிகிறது என்று இவருக்குத் தெரியுமா? பரீட்சகர்கள் பார்ப்பது அதைத்தான். இயந்திரங்கள் பக்கம் பக்கமாக எழுதித்தரும் இந்தக் காலத்தில் இதைக் காகிதத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாத இடத்திலும் அவை தடுமாறாமல் எழுதும்.

இந்தத் துறைக்குத் தெரியாமை புதிதுமல்ல, வெட்கமுமல்ல. நம் பிள்ளைகள் இடம்பிடிக்கப் போட்டியிடும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறைக்கு 1970இல் வந்தவர் ஸ்டீபன் குக். 1971இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அவர் துல்லியமாக வடிவம் கொடுத்த கேள்வியைப் பேச்சுமொழியில் இப்படிச் சொல்லலாம்: ஒரு விடை சரியா என்று விரைவாகச் சரிபார்க்க முடியுமானால், அந்த விடையை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா? 2000ஆம் ஆண்டு கிளே கணித நிறுவனம் இதற்குப் பத்து லட்சம் டொலர் பரிசு அறிவித்தது. இன்றுவரை யாருக்கும் விடை தெரியாது. ஒரு தெரியாததைச் சரியாகச் சொன்னதே அந்தத் துறையின் பெரிய பெருமைகளில் ஒன்று.

அவைக்கு முன் நூலை வைத்துக் கேள்விக்கு நிற்பது நமக்கும் பழக்கமானதுதான். நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அவையஞ்சாமைக்கு வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே வைத்தார். இன்று நம் ஊர்களில் அரங்கேற்றம் என்றால் மண்டபமும் ஆடையும் சாப்பாடும். கேள்வி கேட்பவர் எவருமில்லை. பழைய அவைக்குக் கொஞ்சம் கிட்ட வருவது நோர்வேயின் முறை. அங்கே கலாநிதி ஆய்வேட்டை எதிர்த்து வாதாட இருவர் நியமிக்கப்படுவார்கள். சபையில் இருப்பவர்களும் எழுந்து கேள்வி கேட்கலாம்.

நான் குடியிருக்கும் பார்க்டேலில் இன்னொரு வகை வாய்மொழிச் சோதனையைக் கடந்தவர்கள் உண்டு. இன்று திபெத்தியர் கடைகள் நிறைந்திருக்கும் இந்தப் பகுதியின் ஜேம்சன் அவென்யூ அடுக்குமாடிகளில் நம்மவர்களும் வந்து தங்கினார்கள். "ஹியரிங் எப்போ?" என்பது அன்று நலம் விசாரிப்பதைப் போல ஒரு கேள்வி. அந்த ஹியரிங்கே ஒரு வழக்கின் பயன். அதற்கு முன்பு அகதிநிலை கோருபவரின் வாக்குமூலத்தை ஓர் அதிகாரி பதிவுசெய்வார். முடிவுக்குப் பொறுப்பானவர்கள் அவரைக் காணாமல் எழுத்தை மட்டும் வாசிப்பார்கள். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அதை மாற்றியது. ஒருவருடைய சொல்லை நம்பலாமா என்பதே கேள்வியாக இருக்கும்போது அவரை நேரில் கேட்காமல் முடிவெடுப்பது நீதியாகாது என்று நீதிபதி பெர்தா வில்சன் எழுதினார். 1989இல் அகதிகள் வாரியம் தொடங்கியது.

ஆக, இரண்டு அறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எழுத்து போதாது, ஆளைக் கேட்கவேண்டும். வேறுபாடு தெரியாது என்ற சொல்லுக்குக் கிடைக்கும் விலையில் இருக்கிறது. ஆய்வு மாணவர் சொன்னால் அது நேர்மை. "எந்த மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள்?" என்ற கேள்விக்கு அகதி சொன்னால் அது முரண்பாடாகப் பதிவாகலாம். அதிர்ச்சி நினைவைக் குலைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் உயிருக்குப் பயந்து வந்தவர் அதை நம்பித் தன் மறதியைச் சொல்லத் துணிவாரா? திகதிகளைப் பாடமாக்கிக்கொண்டு போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒன்று பட்டம், மற்றது வாழ்வு; பொய்க் கோரிக்கைகளும் வரும், வாரியம் கிண்டிக் கேட்கத்தான் வேண்டும். உண்மைதான். ஆனால் இழக்க அதிகம் உள்ளவருக்குத்தான் தவறவும் மறக்கவும் குறைந்த இடம் கிடைக்கிறது என்பது சங்கடமான விஷயம். ஆய்வேடு போதாவிட்டால் திருத்த மாதங்கள் கொடுப்பார்கள். மேற்பார்வையாளர் அதே அறையில் இருப்பார். அந்தப் பாதுகாப்பில்தான் மாணவரின் நேர்மை நிற்கிறது. ஒருவரிடம் நேர்மையைக் கேட்பவர், நேர்மையான பதிலால் அவர் அழிந்துபோகமாட்டார் என்ற உறுதியையும் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் கேட்பவருக்குக் கிடைப்பது பாடமாக்கிய பதில்.

இந்தக் கடமை வாரியத்துக்கு மட்டும் உரியதில்லை. ஒரு சிறு தடுமாற்றமும் கேஸைக் கெடுத்துவிடும் என்று பயந்து வாழ்ந்த தலைமுறை, பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தது. "மிச்ச மூன்று மார்க்ஸ் எங்கே?" என்று கேட்ட வீடுகள் எத்தனை! வகுப்பில் கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, பட்டங்களை எளிதாக வாங்கிவிடும். ஆய்வில்தான் திணறும், ஏனென்றால் ஆய்வு தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் பிள்ளைகளில் சிலர் இன்று அந்த அறைக்குள் போகிறார்கள். இன்னும் சில வருடங்களில் மேசையின் மறுபக்கமும் இருப்பார்கள், பல்கலைக்கழகத்தில் மட்டுமல்ல, நீதிமன்றத்திலும் அகதிகள் வாரியத்திலும்கூட. எதிரே இருப்பவர் ஒரு கணம் தயங்கி "தெரியாது" என்று சொன்னால், அதை எழுதிக்கொள்ளும் முன் அவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்களா? அந்தப் பழக்கத்தை அவர்கள் முதலில் வீட்டில்தான் கற்கவேண்டும்.