நாவல் வாசகனும் அடுப்படியும்

இலக்கியம் மனித உள்ளத்தை விரிவடையச் செய்கின்றது என்பது நம்மிடையே ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகளுள் ஒன்றாகும். தான் கண்டறியாத நாட்டில், தான் பேசாத மொழியில், நூறாண்டுகளுக்கு முன் படைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் துயரைத் தன் துயராகக் கொள்ளும் வாசகன், அந்த அளவுக்குத் தன்னலத்தினின்றும் விடுபடுகின்றான் என்று நாம் கூறுகின்றோம். கலைப்பீட மாணவராகிய நாம் இக்கருத்தின் மீதே நமது கல்வியைக் கட்டியெழுப்பியுள்ளோம் எனினும் மிகையாகாது. ஆயின், இக்கருத்து உண்மையா என்பதை எங்கே வைத்துச் சோதித்தறிவது? விரிவுரை மண்டபத்தில் வைத்துச் சோதித்தல் எளிது. அங்கே எல்லோரும் இரக்கமுடையவர்களே. வீட்டின் அடுப்படியில் வைத்துச் சோதிக்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அத்தகைய சோதனை ஒன்றில் நான் தோற்றுப்போனமையே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

எனது ஊர் மன்னார்த் தீவில் உள்ளது. விடுமுறைக் காலமொன்றில் வீட்டு விறாந்தையிலிருந்து தகழி சிவசங்கரப்பிள்ளையின் ‘செம்மீன்’ நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். 1956இல் மலையாளத்தில் வெளிவந்து, பின்னர் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த அந்நாவல் கேரளக் கரையோர மீனவரைப் பற்றியது. எனினும் பேசாலையிலும் வங்காலையிலும் வாழ்வோருக்கு அது அயலானதன்று. கடலுக்குச் சென்றவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கத்திலே தங்கியுள்ளது என்னும் நம்பிக்கையே அக்கதையின் அச்சாணி. பழனி இரவிலே தனியனாய்ச் சுறாவைத் தூண்டிலிற் பிடித்து, சுழலில் அகப்படும் பகுதியை அண்மித்திருந்தேன். கண்கள் கலங்கியிருந்தன.

அவ்வேளை அடுப்படியிலிருந்து அம்மா அழைத்தார். அன்று ஒடியற்கூழ் காய்ச்சும் நாள். இறால் உரித்துத் தருமாறு கேட்டார். “இந்த அத்தியாயம் முடியட்டும்” என்றேன். அத்தியாயம் முடிந்தபோது இறாலும் உரிக்கப்பட்டிருந்தது. அடுப்பிலே கூழும் கொதித்துக்கொண்டிருந்தது. கண்களைத் துடைத்தவாறு உள்ளே நுழைந்த என்னிடம், “அழுதனியோ?” என்று கேட்டார். ஆமென்று கூறி, கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டபின் அவர் வினவியது ஒன்றே: “உந்தக் கதையில ஆர் தம்பி சமைக்கிறது?”

அது ஏளனமாகக் கேட்கப்பட்ட வினா அன்று. நாள்தோறும் சமைப்பவர் ஒருவருக்கு இயல்பாகத் தோன்றும் வினா. எனக்கோ விடை தெரிந்திருக்கவில்லை. அந்நாவலைப் பற்றி மட்டுமன்றி, நான் வாசித்துப் போற்றிய எந்த நாவலைப் பற்றியும் அவ்வினாவுக்கு உடனடியாக விடையிறுக்க என்னால் இயலவில்லை.

இதற்குக் காரணம் சமையலின் இயல்பிலேயே ஓரளவு அடங்கியுள்ளது. ஒடியற்கூழையே எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி, அதனை மாவாக்கி, அம்மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு, கைப்பு நீங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் தனித்தனியே துப்புரவாக்கப்பட்டு வேகவேண்டும். அதன் பின்னரே மாவும், அரைத்த செத்தல் மிளகாயும், புளியும் சேரும். பிளாவில் வார்த்த கூழைக் குடிப்பவன் உறைப்பையும் புளிப்பையும் அறிவான். எத்தனை தடவை நீர் மாற்றப்பட்டது என்பதை அறியான். கைப்பு எஞ்சியிருந்தால் மட்டுமே அவ்வுழைப்பு நினைவுக்கு வரும். நன்கு செய்யப்பட்ட சமையல் தன்னைத் தானே மறைத்துக்கொள்கின்றது. பிழைத்தபோது குற்றமாகவும் பிழைக்காதபோது இயற்கையாகவும் கொள்ளப்படும் உழைப்பு இது.

புகழ்பெற்ற நாவல்கள் சிலவற்றை அம்மாவின் வினாவுடன் மீண்டும் நோக்கினேன். ஆங்கில நாவலின் தொடக்க காலத்து ஆக்கமான டானியல் டீபோவின் ‘றொபின்சன் குறூசோ’ 1719இல் வெளிவந்தது. அதிலே ஒரு பாண் உண்டாவதற்கு எத்தனை எத்தனை சிறு வேலைகள் தேவைப்படுகின்றன என்று குறூசோ வியந்து நிற்கும் பகுதி ஒன்றுண்டு. உழவேண்டும், வேலியடைக்கவேண்டும், அறுக்கவேண்டும், அரைக்கவேண்டும், சலிக்கவேண்டும், சுடவேண்டும். நாகரிக உலகில் பாண் உண்டு வளர்ந்த அம்மனிதன், சமைத்துத் தர எவருமில்லாத தீவில் அகப்பட்ட பின்னரே பாணின் விலையை அறிந்துகொண்டான். ஆயினும் அவ்வறிவு நிலைக்கவில்லை. பிறைடே என்னும் ஏவலாள் வந்து சேர்ந்ததும் மா இடிக்கவும் பாண் சுடவும் அவனுக்குக் கற்பிக்கப்படுகின்றது. சிறிது காலத்தில் அவ்வேலைகள் யாவும் அவனுடையவாகின்றன. குறூசோவின் வியப்பும் அத்துடன் ஓய்ந்துவிடுகின்றது.

1837க்கும் 1839க்கும் இடையில் தொடராக வெளிவந்த சாள்ஸ் டிக்கின்ஸின் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில், அநாதைச் சிறுவன் இன்னும் சிறிது கஞ்சி வேண்டுமெனக் கேட்கும் காட்சியை மறந்தவர் இலர். அக்கிண்ணத்தின் வெறுமை உலகெங்கும் வாசகரை உலுக்கியது. ஆயின் அதே காட்சியில், கஞ்சி வார்க்கும் மேலாளனுக்கு உதவியாக ஒன்றிரண்டு பெண்கள் நிற்கின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை. அவர்களும் அதே கஞ்சியைத்தான் உண்டனரோ என்று நான் முன்பு ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாவலாசிரியர் அனைவரும் அடுப்பைக் காணத் தவறினர் என்று கூறுதல் பொருந்தாது. ரோல்ஸ்ரோயின் ‘அன்னா கரீனினா’வில், லெவினின் வீட்டு மூதாட்டி அகாபியா மிகாய்லொவ்னா பழப்பாகு காய்ச்சும் பகுதி உண்டு. நீர் விட்டுக் காய்ச்சுவதே அவள் அறிந்த முறை. புதிதாக வந்த மருமகளின் குடும்பத்தார் நீர் விடாத முறையைப் புகுத்துகின்றனர். முகம் சிவக்க, தலை கலைய, அப்பாகு பிடித்துப் பழுதாகிவிட வேண்டுமென்று உள்ளூர விரும்பியவாறே அவள் கிளறிக்கொண்டிருக்கின்றாள். காதலும் மரணமும் கடவுளும் பேசப்படும் பெருநாவலொன்றில் ஒரு கிழவியின் கைத்திறனுக்கு ஏற்பட்ட அவமதிப்பு இத்துணை நுட்பமாகப் பதிவாகியுள்ளது. முதல் வாசிப்பில் அப்பக்கங்களை நான் விரைந்து கடந்துவிட்டேன். எனவே குறை எழுதியவரிடத்து மட்டும் உள்ளதாகக் கொள்ளவியலாது, வாசிப்பவனிடத்தும் உள்ளது.

நமது பழைய காப்பியங்களும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. கோவலன் உண்ட இறுதி உணவைக் கண்ணகி சமைத்தபோது, காயரிந்த அவளது விரல்கள் சிவந்ததையும், முகம் வியர்த்ததையும், கண்கள் சிவந்ததையும் இளங்கோ கண்டார். அமுதசுரபி அடுப்பின்றியே அள்ள அள்ளக் குறையாது உணவு தரும் பாத்திரம். உழைப்பில்லாத உணவு என்னும் மனிதகுலக் கனவின் வடிவம் அது. அப்பாத்திரத்திலும் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லறத்தாள் என்று ‘மணிமேகலை’ கூறுகின்றது. அற்புதத்துக்கும் ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது.

இனி, நமது வினாவின் மையத்துக்கு வருவோம். கதைமாந்தருக்காக அழும் வாசகனின் கண்ணீருக்கு அறவியற் பெறுமானம் உண்டா? அமெரிக்கத் தத்துவவாதியான வில்லியம் ஜேம்ஸ், 1890இல் வெளியிட்ட தமது உளவியல் நூலில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். ருசிய சீமாட்டி ஒருத்தி நாடக அரங்கினுள்ளே கற்பனைப் பாத்திரங்களுக்காகக் கண்ணீர் உகுக்கின்றாள். வெளியே அவளுக்காகக் காத்திருக்கும் வண்டிக்காரன் பனியில் உறைந்து இறக்கின்றான். செயலாக மாறாத உணர்ச்சி மனிதனைப் பழுதாக்கும் என்பது ஜேம்ஸின் முடிபு. உணர்ச்சி எழுந்தபின், உறவினர் ஒருவரிடம் இன்முகத்துடன் பேசுதல், வண்டியில் இருக்கையை விட்டுக்கொடுத்தல் போன்ற சிறு செயலையேனும் செய்யவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அச்சீமாட்டியை வாசித்தபோது விறாந்தையிலிருந்த என்னையே கண்டேன். ஆயினும் ஜேம்ஸ் கூறும் பரிகாரம் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் இறால் உரித்துக் கொடுத்தால் அது கருணையாகும். மறுநாள் அடுப்பு மீண்டும் அவருடையதே. ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று நாம் போற்றுவதும் இத்தகையதே. புகழ்ச்சியைக் கூலியாகக் கொடுத்து வேலையை அவரிடமே நிரந்தரமாக விட்டுவிடுகின்றோம். இரக்கம் கொடுப்பவனின் விருப்பத்தைச் சார்ந்தது. நீதி வேலையைப் பங்கிடும்படி கேட்பது.

அப்படியாயின் நாவலை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குச் செல்வதே அறமா என்று ஒருவர் வினவலாம். அவ்வாறு கொள்வதற்கில்லை. வாசிப்பு வீண்பொழுது என்று ஏற்றுக்கொண்டால், சமைப்பவருக்கு அது மறுக்கப்பட்டதில் இழப்பேதுமில்லை என்றாகிவிடும். அஃது உண்மையன்று. 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் ராசசுந்தரி தேவி என்னும் இல்லத்தரசி, நூலொன்றின் ஏட்டைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்துவைத்து, எவரும் அறியாமல் எழுத்துக் கற்றார். பின்னாளில் வங்க மொழியின் முதற் சுயசரிதை எனக் கருதப்படும் நூலை எழுதியவர் அவரே. அடுப்படியிலிருந்தவர் எழுத்தை எத்துணை விரும்பினார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனது தாயாரும் அவ்வாறு விரும்பியவரே என்பதை அதன் பின்னரே கேட்டறிந்தேன். 1990இல் போர் மன்னாரைச் சூழ்ந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அவ்வாண்டில் தீவின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பல மடுத் திருத்தலத்திலும், கடல் கடந்து தமிழகத்திலும் தஞ்சம் புகுந்தன. மடுவில் மரநிழலில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பைப் பார்க்கும் பொறுப்பு, மூத்த பெண் என்னும் காரணத்தால், அம்மாவிடம் வந்தது. பள்ளிப் புத்தகம் அத்துடன் நின்றது. நான் விறாந்தையில் வாசித்த ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் கிடைக்காத மணி நேரத்தின் மீதே நின்றது என்பதை உணர்ந்தபோது, பழனிக்காகச் சிந்திய கண்ணீரைக் குறித்து நாணினேன்.

அவ்விடுமுறையின் எஞ்சிய நாட்களில் மாலைச் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாட் குழம்பு அடிப்பிடித்தது, சோறு குழைந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் உண்டார். விறாந்தையில் விளக்கின் கீழ் அவர் ‘செம்மீன்’ வாசித்தார். எழுத்துக் கூட்டியல்ல; நன்றாகவே வாசித்தார். பன்னிரண்டு நாட்கள் சென்றன. முடித்த அன்று, நான் எதிர்பார்த்தவாறு அவர் பழனியைப் பற்றியோ கருத்தம்மாவைப் பற்றியோ பேசவில்லை. கருத்தம்மாவின் தாயாகிய சக்கியைப் பற்றியே பேசினார். மீன் கூடை சுமந்து விற்று, கணவனோடு சேர்ந்து பணம் சேர்த்தவள் அவள்.

“சக்கியும் சேர்ந்து மிச்சம் பிடிச்ச காசுதானே தம்பி. பிறகென்னெண்டு தோணி அவன்ர மட்டும் ஆச்சு?”

நான் இருமுறை வாசித்த நாவல் அது. இவ்வினா எனக்கு எழவேயில்லை. சமைப்பவருக்கு நேரம் கிடைத்தால் அவருக்கு மட்டுமே நன்மை என்று எண்ணியிருந்தேன். அவரது வாசிப்பு இல்லாமையால் இலக்கியத்தில் நாம் காணத் தவறியவை எத்தனையோ என்பதை அன்று அறிந்தேன்.

எனவே, இலக்கியம் உள்ளத்தை விரிக்குமா என்னும் வினாவுக்கு நூலினுள் மட்டும் விடை தேடுதல் பயனற்றது. நூலை விரித்தவன் இருக்கும் வீட்டில், அந்நேரம் அடுப்பின் முன் நிற்பவர் யார், அவருக்கு அந்நூல் எப்போது கைக்கு வரும் என்பவற்றையும் சேர்த்தே விடை காணவேண்டும். இவ்வேட்டைக் கையிலெடுக்கும் நண்பர்களும் தத்தம் வீட்டில் அவ்வினாவைக் கேட்டுப் பார்ப்பாராக.