உண்மையைச் சொல்வது பாவமா?

சங்கரன்கோவிலில் விசைத்தறி நடத்தும் உறவினர் ஒருவர், மனைவி பிரிந்து சென்ற நாள் முதலாய்க் காண்போரிடமெல்லாம் அவர்தம் குறைகளை எடுத்துரைத்து வந்தார். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது, "போதும் அண்ணாச்சி" என்றேன். "நான் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா தம்பி? உண்மையைச் சொல்வது பாவமா?" என்றார். எனக்கு விடை எழவில்லை.

இவ்வினா எழும்போதெல்லாம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மார்வின் கே நினைவுக்கு வருகிறார். போதகர் ஒருவரின் மகன். தேவாலயப் பாடலின் மடியில் பிறந்த 'சோல்' இசையில் பெயர் பெற்றவர். 1963இல் அன்னா கோர்டியை மணந்தார். 1975இல் தொடங்கிய மணமுறிவு வழக்கு 1977இல் முடிந்தது. அடுத்த இசைத்தட்டின் வருவாயிலிருந்து 6 இலட்சம் டாலர் வரை அன்னாவைச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பிறர் கைக்குப் போகும் பணம்தானே என்று ஏனோதானோவெனப் பாடி முடிக்கவே முதலில் எண்ணினார். பாட அமர்ந்ததும் நெஞ்சம் திறந்துகொண்டது. வாக்குறுதி, பொய், வழக்குச் செலவு யாவும் பாடலாயின. 1978இல் 'ஹியர், மை டியர்' வெளிவந்தது. தம் அந்தரங்கம் சந்தைக்கு வந்துவிட்டதே என்று அன்னா வழக்குத் தொடர எண்ணி, பின் விட்டுவிட்டார்.

தக்க காரணமின்றிப் பிறர் குறையை வெளிப்படுத்துவது, அக்குறை உண்மையாயினும், குற்றமே என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி. ஆனால், அடிபடும் மனைவியின் வாயை அடைக்க இப்போதனையை எவரும் எடுத்துவர வேண்டாம். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பங்குத்தந்தையிடமும் அவள் பேசத்தான் வேண்டும். அவளுடைய காரணம் தக்கதே.

நம் நாட்டுச் சட்டமே ஒருகாலத்தில் குறைகளைப் பட்டியலிடச் சொன்னது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபச்சாரம் ஒன்றே போதும். மனைவிக்கோ, பெரும்பாலும், கணவனின் விபச்சாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்க வேண்டும். இருவர் இசைவால் பிரியும் வழி 2001இல்தான் வந்தது. அந்தத் தீர்ப்பு அருட்சாதனப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை என்பதே திருச்சபையின் நிலை. ஆயினும், தக்க காரணம் இருப்பின் பிரிந்து வாழ அதன் சட்டமும் இடமளிக்கிறது.

மார்வின் கேயின் அந்த இசைத்தட்டில் ஒரு பாடலின் தலைப்பு இரு வினாக்களால் ஆனது. என் மேலுள்ள அன்பை நீ எப்போது நிறுத்தினாய் என்பது முதல் வினா. உன் மேலுள்ள அன்பை நான் எப்போது நிறுத்தினேன் என்பது அடுத்தது. முதல் வினாவை எந்த மனுவிலும் காணலாம். இரண்டாவதை எந்த வழக்குரைஞரும் எழுதித் தரமாட்டார்.

பின்னொரு ஞாயிறு அண்ணாச்சியிடம் அந்த இரண்டாம் வினாவைக் கேட்டேன். நெடுநேரம் மிதிவண்டியின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.